டொரண்டோவிலிருந்து நயாகராவுக்கு வழிகாட்டியுடன் ஒருநாள் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோடை தொடங்கியதும் டொரண்டோவில் உள்ள தமிழ் வீடுகளுக்கு ஊரிலிருந்து பெற்றோரும் உறவினரும் வரத் தொடங்குவார்கள். வந்த முதல் வாரத்திலேயே நயாகராவைப் பற்றிய பேச்சு எழுந்துவிடும். விடுப்பு கிடைக்காத பிள்ளைகள், வழிகாட்டியுடன் செல்லும் பேருந்துப் பயணத்தில் அவர்களை அனுப்பிவைக்க நினைக்கிறார்கள். புதிதாக வந்த மாணவர்களும் அதே பயணத்தைத்தான் விசாரிக்கிறார்கள். இவர்கள் அனைவரும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை, அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

நயாகரா டொரண்டோவிலிருந்து எவ்வளவு தூரம்? ஒரே நாளில் போய்த் திரும்பிவிடலாமா?

சாலை வழியாக ஏறத்தாழ 130 கிலோமீட்டர். வரைபடத்தில் பார்த்தால் இரண்டு ஊர்களும் ஒண்டாரியோ ஏரியின் எதிரெதிர்க் கரைகளில் மிக அருகில் இருப்பது போலத் தெரியும். ஆனால் சாலை ஏரியின் மேற்கு முனையைச் சுற்றி, ஹாமில்டனை ஒட்டிச் செல்வதால்தான் தூரம் கூடுகிறது. நெரிசல் இல்லாத நேரத்தில் ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம். கோடைக்கால வெள்ளிக்கிழமை மாலையிலும் நீண்ட வார இறுதிகளிலும் இரண்டரை மணி நேரம் ஆனாலும் வியப்பதற்கில்லை.

காலை எட்டு அல்லது ஒன்பது மணிக்குப் புறப்பட்டு மாலை ஆறு, ஏழு மணிக்குத் திரும்புவது வழக்கமான ஏற்பாடு. ஆகவே ஒரே நாளில் தாராளமாகப் போய் வரலாம். அந்த ஒரு நாளில் அருவிக்கு எவ்வளவு நேரம் கிடைக்கும் என்பது வேறு கேள்வி. அதற்குக் கீழே தனியாகப் பதில் எழுதியிருக்கிறேன்.

வழிகாட்டியுடன் போவது அவசியமா? நாங்களே போனால் என்ன?

அவசியம் இல்லை. டொரண்டோவிலிருந்து கோ எனப்படும் பொதுப் போக்குவரத்தின் ரயிலும் பேருந்தும் நயாகராவுக்குச் செல்கின்றன. அங்கே இறங்கியபின் ஊருக்குள் சுற்ற வீகோ என்னும் உள்ளூர்ப் பேருந்து இருக்கிறது. அருவியைப் பார்ப்பதற்குக் கட்டணம் எதுவும் கிடையாது. ஆற்றங்கரை நெடுகிலும் பொது நடைபாதை உண்டு. யார் வேண்டுமானாலும் கைப்பிடிக் கம்பியருகே எவ்வளவு நேரமும் நின்று பார்க்கலாம். இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம், பயணக் கட்டணம் என்பது அருவிக்கான நுழைவுக் கட்டணம் என்று பலர் நினைத்துக்கொண்டிருப்பதுதான்.

கார் இல்லாதவர்கள், ஆங்கிலத்தில் வழி கேட்கத் தயங்கும் பெரியவர்கள், முதன்முறை வருபவர்கள் ஆகியோருக்கு வழிகாட்டியுடன் செல்வதே நல்லது என்பது என் கருத்து. கோடையில் அருவியருகே வண்டி நிறுத்த இடம் தேடுவதிலேயே ஒரு மணி நேரம் கரைந்துவிடும். பேருந்தில் வருபவருக்கு அந்தக் கவலை இல்லை. நண்பர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து, விரும்பிய இடத்தில் விரும்பிய நேரம் நிற்க வேண்டும் என்று நினைத்தால், அவர்கள் தாங்களே போவதுதான் பொருந்தும்.

வழிகாட்டி நாள் முழுவதும் கூடவே வருவாரா?

பெரும்பாலும் வரமாட்டார். போகும் வழியில் ஒலிவாங்கியில் இடங்களை விளக்குவார்; சிறு நிறுத்தங்களில் இறங்கி உடன் நடப்பார்; அருவியின் அடிவரை செல்லும் படகுக்கான சீட்டுகளைக் கையில் கொடுப்பார்; அருவியருகே வந்ததும், எந்த இடத்தில் எத்தனை மணிக்குத் திரும்பக் கூட வேண்டும் என்று சொல்லிவிட்டு உங்களை உங்கள் விருப்பத்துக்கு விட்டுவிடுவார். சிறிய வண்டிகளில் ஓட்டுநரே வழிகாட்டியாகவும் இருப்பார். கூடவே நடந்து ஒவ்வொன்றையும் விளக்க வேண்டும் என்றால் தனிப் பயணமாகத்தான் ஏற்பாடு செய்ய வேண்டும். அதன் கட்டணம் பல மடங்கு கூடும்.

விளக்கம் பொதுவாக ஆங்கிலத்தில் இருக்கும். ஆங்கிலம் அதிகம் தெரியாத பெற்றோரைத் தனியே அனுப்பினால், திரும்பக் கூட வேண்டிய இடத்தின் பெயரையும் நேரத்தையும் வழிகாட்டியிடமே ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். நல்ல வழிகாட்டிகள் இதை மகிழ்ச்சியுடன் செய்வார்கள்.

பத்து மணி நேரப் பயணம் என்று போட்டிருக்கிறார்கள். அதில் அருவியின் முன்னால் எத்தனை மணி நேரம் நிற்கலாம்?

எல்லாரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுவே. பணம் கட்டிய பிறகுதான் பலருக்கு இது தோன்றுகிறது. கணக்கைப் பாருங்கள். விடுதி விடுதியாகச் சென்று ஆட்களை ஏற்றுவதையும் சேர்த்தால், போக்குவரத்துக்கு நான்கு மணி நேரம் போய்விடும். நயாகரா-ஆன்-தி-லேக் என்னும் பழைய ஊரில் ஒரு மணி நேரம், ஒயின் தோட்டத்தில் முக்கால் மணி, மலர்க் கடிகாரத்திலும் நீர்ச்சுழியிலும் கால் கால் மணி என்று விளம்பரத்தில் உள்ள நிறுத்தங்கள் இன்னும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும். மீதி ஏறத்தாழ மூன்றரை மணி நேரம். அதற்குள்தான் படகும் வரிசையும் மதிய உணவும் அடங்க வேண்டும். இவற்றையெல்லாம் கழித்தால், வேறு வேலையின்றி அருவியைப் பார்த்துக்கொண்டு நிற்க ஒரு மணி நேரம் கிடைத்தாலே அதிகம்.

ஆகவே பதிவு செய்யும் முன் நிறுவனத்திடம் ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: 'அருவியருகே எங்களை எத்தனை மணிக்கு இறக்குவீர்கள், எத்தனை மணிக்கு ஏற்றுவீர்கள்?' இந்த இரண்டு நேரங்களையும் தெளிவாகச் சொல்லும் நிறுவனத்தையே தேர்ந்தெடுங்கள். விளம்பரத்தில் எட்டு இடங்கள் காட்டும் பயணத்தைவிட மூன்று இடங்கள் மட்டும் காட்டும் பயணம் மேலானது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த நீரின் முன் முதல் பத்து நிமிடம் எல்லாரும் படம்தான் எடுக்கிறார்கள். தொலைபேசியை உள்ளே வைத்த பிறகுதான் கண்கள் உண்மையில் பார்க்கத் தொடங்குகின்றன. விளிம்பில் கரும்பச்சையாக வளைந்து இறங்கும் நீர், பாதி வழியிலேயே வெள்ளை இழைகளாகப் பிரிவதைப் பின்தொடர்ந்து பார்ப்பதற்கு நேரம் வேண்டும்.

நயாகரா என்பது ஒரு நீர்வீழ்ச்சியா, மூன்றா?

மூன்று. கனடாப் பக்கம் உள்ள பெரியது, குதிரைலாட வடிவில் வளைந்திருப்பதால் ஹார்ஸ்ஷூ அருவி எனப்படுகிறது. உயரம் ஏறத்தாழ 57 மீட்டர், விளிம்பின் நீளம் ஏறத்தாழ 670 மீட்டர். ஆற்று நீரில் பத்தில் ஒன்பது பங்கு இதன் வழியாகவே விழுகிறது. அமெரிக்கப் பக்கம் அமெரிக்கன் அருவியும், அதை ஒட்டி ஒரு சிறு தீவால் பிரிக்கப்பட்ட, பிரைடல் வெய்ல் எனப்படும் மெல்லிய அருவியும் உள்ளன.

உயரத்தை எதிர்பார்த்து வருபவர்கள் சற்று ஏமாறலாம். கர்நாடகத்தின் ஜோக் அருவி 253 மீட்டர். அதனுடன் ஒப்பிட்டால் நயாகரா குட்டைதான். நயாகராவின் பெருமை விழும் நீரின் அளவில் இருக்கிறது. ஈரி ஏரியிலிருந்து ஒண்டாரியோ ஏரிக்குச் செல்லும் நீர் ஏறக்குறைய முழுவதும் இந்த ஆற்றின் வழியாகவே இறங்கியாக வேண்டும். வழியில் செயின்ட் கேத்தரின்ஸ் அருகே உயரமான பாலத்தின் மேல் பேருந்து செல்லும்போது கீழே வெல்லண்ட் கால்வாய் தெரியும். அருவியைத் தாண்ட முடியாத கப்பல்கள், அந்தக் கால்வாயில் உள்ள எட்டு நீர்ப்பூட்டுகளின் வழியாக, ஏறத்தாழ நூறு மீட்டர் ஏறியோ இறங்கியோ ஏரி மாறுகின்றன. வழிகாட்டி அதைச் சொல்ல மறந்தாலும் நீங்கள் சாளரத்தின் வழியாகப் பாருங்கள்.

கனடாப் பக்கம் நல்லதா, அமெரிக்கப் பக்கம் நல்லதா?

முழுத் தோற்றம் கனடாப் பக்கத்திலிருந்துதான் தெரியும். அமெரிக்கன் அருவி ஆற்றுக்கு அப்பால் நேர் எதிரே இருக்கும். தெற்கே நடந்து டேபிள் ராக் என்னும் இடத்தை அடைந்தால் ஹார்ஸ்ஷூ அருவியின் விளிம்பு சில அடி தூரத்தில் இருக்கும். அமெரிக்கப் பக்கத்தில் 1885ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மாநிலப் பூங்கா இருக்கிறது. அங்கே மரங்களும் அமைதியும் அதிகம், நீருக்கு மிக அருகே செல்லவும் முடியும். ஆனால் அங்கிருந்து பார்க்கும்போது அருவிகள் பக்கவாட்டில்தான் தெரியும். முதன்முறை வருபவருக்குக் கனடாப் பக்கமே போதும். டொரண்டோவிலிருந்து புறப்படும் பயணங்களில் பெரும்பாலானவை கனடாவுக்குள்ளேயே முடிந்துவிடுகின்றன.

எங்களிடம் அமெரிக்க விசா இல்லை. படகு ஆற்றின் நடுவே அமெரிக்க எல்லைக்குள் போகும் என்கிறார்களே, சிக்கல் வருமா?

வராது. எல்லைக்கோடு ஆற்றின் நடுவே செல்வது உண்மைதான். ஆனால் கனடாப் பக்கத்தில் ஏறிய படகு கனடாப் பக்கத்திலேயே கரை சேர்கிறது. அமெரிக்க மண்ணில் யாரும் இறங்குவதில்லை என்பதால் விசா கேட்கப்படுவதில்லை. நீர்ச்சுழியின் மேல் செல்லும் கம்பிவடத் தொட்டிலும் அப்படியே. ஸ்பானியப் பொறியாளர் லியோனார்டோ டொர்ரெஸ் கெவெடோ வடிவமைத்து 1916 முதல் ஓடிக்கொண்டிருக்கும் அது, கனடாக் கரையின் ஒரு முனையிலிருந்து கனடாக் கரையின் இன்னொரு முனைக்குத்தான் செல்கிறது.

இரண்டு பக்கமும் காட்டும் பயணம் இருக்கிறதாம். கனடாவில் நிரந்தர வசிப்புரிமை இருந்தால் போதாதா?

போதாது. இந்திய அல்லது இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் கனடாவின் நிரந்தர வசிப்பாளராக இருந்தாலும், ரெயின்போ பாலத்தைக் கடந்து அமெரிக்காவுக்குள் நுழைய அமெரிக்க விசா வேண்டும். திரும்பி வரும்போது நிரந்தர வசிப்பாளர் அட்டையும் கையில் இருக்க வேண்டும். கனடியக் குடிமக்களுக்குக் கடவுச்சீட்டே போதுமானது.

ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோரிடம் அமெரிக்க விசாவும், ஒருமுறை மட்டும் நுழையத்தக்க கனடிய விசாவும் இருந்தால், கனடாவில் தங்க அளிக்கப்பட்ட காலம் முடிவதற்குள் அமெரிக்காவிலிருந்து நேரே திரும்பும்போது புதிய கனடிய விசா பொதுவாகத் தேவைப்படுவதில்லை. ஆயினும் இது எல்லை அலுவலரின் முடிவுக்கு உட்பட்டது. குடிவரவுத் துறையின் அப்போதைய விதியைப் பயணத்துக்கு முன் படித்துவிடுவதே பாதுகாப்பு. குழுவில் ஒருவருடைய ஆவணத்தில் குறை இருந்தாலும் மொத்தப் பேருந்தும் காத்திருக்க நேரலாம். இதைக் கருதியே ஒருநாள் பயணத்தில் எல்லை தாண்டுவதை நான் பரிந்துரைப்பதில்லை. பாலத்தில் போகும் நேரம் அருவிக்கு உரிய நேரத்திலிருந்துதான் குறையும்.

படகில் போனால் முழுவதும் நனைந்துவிடுவோமா?

முகம், கைகள், முழங்காலுக்குக் கீழே, காலணி ஆகியவை நனையும். மற்றவை ஓரளவு தப்பும். ஏறும் முன் சிவப்பு நிற மெல்லிய நெகிழி மழையங்கி ஒன்று தருவார்கள். எதிர்க்கரையிலிருந்து வரும் படகில் எல்லாரும் நீல நிறத்தில் இருப்பார்கள்; ஆற்றின் நடுவே இரண்டு படகுகளும் கடக்கும்போது நிறத்தை வைத்தே எது எந்த நாட்டுப் படகு என்று தெரிந்துவிடும். மொத்தப் பயணம் இருபது நிமிடம். முதலில் அமெரிக்கன் அருவியைத் தாண்டும். அதுவரை சாரல் மட்டுமே. பிறகு குதிரைலாடத்தின் உள்வளைவுக்குள் நுழையும். அங்கே மூன்று பக்கமும் வெள்ளைச் சுவராகிவிடும்; அருகில் நிற்பவர் பேசுவது கேட்காது; காற்று மழையங்கியின் தலைமறைப்பைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும். அதன் நாடாவை முகவாய்க்குக் கீழே முடிச்சுப் போட்டுக்கொள்ளாதவர்களின் தலை நிச்சயம் நனையும்.

கண்ணாடி அணிபவர்கள் உலர்ந்த துணி ஒன்றை உள்சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசியை நீர்புகாத உறையில் போடுங்கள். உறை இல்லையென்றால் அருவிக்குள் நுழையும் முன் எடுத்த படங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மாற்றுக் காலுறை ஒரு இணை இருந்தால் திரும்பும் இரண்டு மணி நேரப் பயணம் சுகமாக இருக்கும், ஏனென்றால் பேருந்தில் குளிர்சாதனம் ஓடும். சேலை அணிந்த அம்மாக்கள் மழையங்கிக்குள் கொசுவத்தைச் சற்று உயர்த்திச் செருகிக்கொண்டால் படகின் ஈரமான படிகளில் தடுக்காது.

படகைத் தவிர வேறு எதற்குச் சீட்டு வாங்கலாம்?

நேரம் இருந்தால் ஒன்று மட்டும் வாங்குங்கள். டேபிள் ராக்கில் மின்தூக்கியில் ஏறத்தாழ 38 மீட்டர் பாறைக்குள் இறங்கி, சுரங்கப் பாதை வழியாக ஹார்ஸ்ஷூ அருவியின் பின்புறத்துக்கும் பக்கவாட்டு மேடைக்கும் செல்லும் ஏற்பாடு உண்டு. பின்புறச் சாளரங்களில் தெரிவது வெறும் வெள்ளைத் திரைதான். மேடையில் நிற்கும்போதுதான் அதன் வலிமை உடம்பில் உணரப்படும். பழைய மின்நிலையத்தை இப்போது காட்சியகமாக்கியிருக்கிறார்கள். மின்னுற்பத்திக்குப் பின் அதன் நீர் வெளியேறிய சுரங்கம் 2022 முதல் பார்வையாளருக்குத் திறக்கப்பட்டுள்ளது. 670 மீட்டர் நடந்தால் அருவியின் அடிவாரத்துக்கு அருகே ஆற்றின் ஓரத்தில் வெளிவரலாம். பொறியியலில் ஆர்வம் உள்ளவர்களுக்கு என் தேர்வு இதுவே. அங்குள்ள காட்சிக் கோபுரமும் மெழுகுச் சிலைக் கூடமும் போன்றவை வேறு எந்த ஊரிலும் கிடைக்கும்.

எந்த மாதத்தில் போவது சிறந்தது?

மே கடைசியிலும் ஜூன் தொடக்கத்திலும் வெயில் இதமாக இருக்கும், பள்ளி விடுமுறைக் கூட்டம் வந்திருக்காது. செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை இன்னும் நல்லது. இலைகளின் நிறமும் மாறத் தொடங்கியிருக்கும். ஜூலை, ஆகஸ்டில்தான் போக முடியும் என்றால் வார நாளைத் தேர்ந்தெடுங்கள்.

டிசம்பரில்தான் விடுமுறை கிடைக்கிறது. குளிர்காலத்தில் அருவி உறைந்துபோய்விடுமா?

உறையாது. பாறைகளிலும் மரங்களிலும் விளக்குக் கம்பங்களிலும் சாரல் படிந்து பனியாக இறுகும். ஆற்றின் மேல் பனிக்கட்டிகள் சேர்ந்து பாலம் போல ஆவதும் உண்டு. ஆனால் அவற்றின் அடியில் நீர் ஓடிக்கொண்டே இருக்கும். 1848 மார்ச் இறுதியில் ஈரி ஏரியின் வாயில் பனிக்கட்டிகள் அடைத்துக்கொண்டதால் அருவி ஒரு நாளுக்கும் மேலாக ஏறக்குறைய வற்றிப்போனது. அது மிக அரிய நிகழ்ச்சி. பனிப்பாலத்தின் மேல் நடப்பது ஒரு காலத்தில் வழக்கமாக இருந்தது. 1912 பிப்ரவரியில் அது உடைந்து மூவர் இறந்தபின் தடை செய்யப்பட்டது.

குளிர்காலத்தில் படகு ஓடாது. பனி விலகியபின் வசந்த காலத்தில் தொடங்கி நவம்பர் இறுதிவாக்கில் நிறுத்திவிடுவார்கள். அந்த மாதங்களில் படகுக்குப் பதிலாக, மேலே சொன்ன, ஹார்ஸ்ஷூ அருவியின் பின்புறம் செல்லும் சுரங்கத்துக்குச் சீட்டு தருகிறார்கள். சாரல் படும் நடைபாதை வழுக்கும் என்பதால் அடிப்பகுதி பிடிமானமுள்ள காலணி கட்டாயம். மேலங்கியின் வெளிப்புறம் நீர் ஒட்டாததாக இருக்கட்டும், ஏனெனில் கம்பளி மேல் விழும் சாரல் சில நிமிடத்தில் இறுகிவிடும்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. அவரால் சமாளிக்க முடியுமா?

அருவியைப் பார்ப்பதில் தடையே இல்லை. ஆற்றங்கரை நடைபாதை சமதளமானது. இடையிடையே இருக்கைகள் உள்ளன. சக்கர நாற்காலியிலும் விளிம்புவரை செல்லலாம். சிரமம் வேறு இடத்தில் இருக்கிறது: பேருந்தின் உயரமான படிகளில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஏறி இறங்க வேண்டும். நிறுத்தங்கள் குறைவான பயணத்தைத் தேர்ந்தெடுங்கள் என்று நேரக் கணக்கில் சொன்னது இங்கே இரட்டிப்பாகப் பொருந்தும். தாழ்தளப் படியோ தூக்கியோ உள்ள வண்டி வேண்டும் என்று பதிவின்போதே எழுத்தில் கேளுங்கள்.

படகுத் துறைக்கு இறங்க மின்தூக்கி வசதி உண்டு. படகில் கீழ்த் தளத்திலேயே நின்றுவிட்டால் மாடிப்படி ஏற வேண்டியதில்லை. ஆனால் படகில் பெரும்பாலும் நின்றுகொண்டே இருக்க வேண்டும், தளமும் ஈரமாக ஆடும். கைப்பிடியை ஒட்டிய இடம் கிடைக்கும்படி வரிசையில் சற்று முன்னதாகவே நிற்க வையுங்கள். படகுத் துறையிலிருந்து டேபிள் ராக் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல் இருக்கும். பேருந்து எங்கே இறக்குகிறது என்பதைப் பொறுத்து, அந்தத் தூரத்துக்கு வீகோ பேருந்தைப் பயன்படுத்தலாம்.

கைக்குழந்தையைக் கூட்டிப் போகலாமா?

போகலாம். சிறிய வேனாக இருந்தால் குழந்தை இருக்கை அவர்கள் தருவார்களா, நீங்கள் கொண்டுவர வேண்டுமா என்று முன்பே கேட்டுவிடுங்கள். அருவியின் இரைச்சலும் சாரலும் சில குழந்தைகளை அச்சுறுத்தும். பெற்றோரில் ஒருவர் கரையில் குழந்தையுடன் நின்று, மற்றவர் படகில் போய் வருவதே எளிது.

சாப்பாட்டுக்கு என்ன செய்வது? நாங்கள் சைவம்.

மதிய உணவு சேர்ந்த பயணங்களில் பெரும்பாலும் நீங்களே எடுத்துப் பரிமாறிக்கொள்ளும் விருந்தாக இருக்கும். சைவர்களுக்குச் சில பண்டங்களே தேறும், அதற்கான ஒரு மணி நேரமும் போகும். கட்டுச்சோறு எடுத்துப்போய் குயின் விக்டோரியா பூங்காவின் இருக்கைகளில் அமர்ந்து, அருவியைப் பார்த்தபடியே இருபது நிமிடத்தில் சாப்பிட்டு முடிப்பது இரண்டு வகையிலும் லாபம். ஒயின் தோட்டத்தில் சுவைத்துப் பார்க்கும்படி யாரையும் வற்புறுத்துவதில்லை. ஒண்டாரியோவில் 19 வயது நிரம்பாதவர்களுக்கு அதைத் தரவும் மாட்டார்கள்.

வானவில் கட்டாயம் தெரியுமா?

வெயில் இருந்தால் மிகப் பெரும்பாலும் தெரியும், ஆனால் நேரம் முக்கியம். வானவில் தெரிய வேண்டுமானால் சூரியன் நமக்குப் பின்னாலும் சாரல் முன்னாலும் இருக்க வேண்டும். கனடாக் கரையில் நிற்பவர் கிழக்கு நோக்கிப் பார்க்கிறார்; சூரியன் மேற்கே சாயும் பிற்பகல்தான் அவருக்கு உரிய நேரம். காலையில் சூரியன் எதிரே இருக்கும், படங்களும் மங்கலாகவே விழும். எனவே சிறு நிறுத்தங்களைக் காலையில் முடித்துவிட்டு, நண்பகலுக்குப் பின் அருவிக்கு வரும் பயணத் திட்டம் ஒளியின் கணக்கில் சிறந்தது. மாறாக, படகு வரிசை காலையில் குறைவு. இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் நான் பிற்பகலையே தேர்ந்தெடுப்பேன்.

மழை பெய்தால் பயணம் ரத்தாகுமா? பணம் திரும்பக் கிடைக்குமா?

சாதாரண மழைக்கு ரத்தாகாது; படகும் மழையில் ஓடும். எப்படியும் நனையப் போகிறோம் என்பதால் மழை படகுக்குப் பெரிய குறையல்ல. மூடுபனிதான் காட்சியைக் கெடுக்கும். கடும் காற்றினாலோ ஆற்றில் பனிக்கட்டி மிதப்பதாலோ படகு நின்றால், அதன் கட்டணம் திரும்ப வருமா, மாற்றுச் சீட்டு தருவார்களா என்பதைப் பதிவு விதிகளில் பாருங்கள். பல நிறுவனங்கள் 24 மணி நேரத்துக்கு முன் சொன்னால் முழுப் பணத்தையும் திருப்பித் தருகின்றன. மலிவான பதிவுகளில் இந்த வசதி இல்லாமல் இருக்கலாம்.

விளம்பரத்தில் ஒரு விலை, கடைசியில் வேறு விலை வருகிறதே, ஏன்?

ஒண்டாரியோவில் பெரும்பாலான விலைகள் வரி சேர்க்காமல்தான் காட்டப்படும்; இறுதியில் 13 விழுக்காடு விற்பனை வரி கூடும். படகு சேர்ந்த விலையா, போக்குவரத்து மட்டுமா என்பது இரண்டாவது வேறுபாடு. சில இணையத் தளங்கள் அமெரிக்க டாலரில் விலை காட்டுகின்றன. கனடிய டாலர் என்று எண்ணிப் பதிவு செய்தால் கணக்கு இடிக்கும். ஓட்டுநருக்கும் வழிகாட்டிக்கும் அன்பளிப்பு தருவது இங்கே வழக்கம், கட்டாயம் அல்ல.

இரவில் தண்ணீரைக் குறைத்துவிடுகிறார்கள் என்பது உண்மையா?

உண்மை. 1950இல் கனடாவும் அமெரிக்காவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, சுற்றுலாப் பருவத்தின் பகல் நேரத்தில் நொடிக்குக் குறைந்தது 2,832 கனமீட்டர் நீர் அருவிகளில் விழ வேண்டும். இரவிலும் குளிர்காலத்திலும் இதில் பாதி போதும். மீதி நீர் மின்னுற்பத்திக்காக அருவிக்கு மேலேயே சுரங்கங்களுக்குத் திருப்பப்படுகிறது. பகல் என்பது ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 8 முதல் இரவு 10 வரை. அதன்பின் அக்டோபர் 31 வரை காலை 8 முதல் இரவு 8 வரை. கோடைக்கால ஒருநாள் பயணத்தில் வருபவர்கள் இந்த நேரத்துக்குள்தான் பார்க்கிறார்கள் என்பதால் கவலை வேண்டாம்.

நீரைக் குறைப்பதால் பாறை அரிப்பும் குறைந்திருக்கிறது. மேலே கடினமான பாறை, அடியில் மென்மையான களிப்பாறை. அடிப்பாறை கரையக் கரைய மேற்பாறை தாங்குதலின்றி உடைந்து விழும். இப்படியே அருவி ஏறத்தாழ 12,000 ஆண்டுகளில் 11 கிலோமீட்டர் பின்னோக்கி நகர்ந்திருக்கிறது. 1969இல் அமெரிக்கன் அருவியின் நீரை முழுவதும் தடுத்து, ஜூன் முதல் நவம்பர் வரை அதன் பாறையை ஆய்வு செய்தார்கள். நீர்ச்சுழிக்குப் போகும் வழியில் நீங்கள் காணும் ஆழ்ந்த பள்ளத்தாக்கு, அருவி பின்வாங்கிய தடமே.

வண்ண விளக்குகளில் அருவியைப் பார்க்க வேண்டும். ஒருநாள் பயணத்தில் முடியுமா?

1925 முதல் இரவு ஒளியூட்டல் ஒழுங்காக நடந்துவருகிறது. ஜூனில் சூரியன் மறையவே இரவு ஒன்பது மணி ஆகும். அதற்குள் பகல் பயணப் பேருந்து டொரண்டோவுக்குத் திரும்பியிருக்கும். எனவே கோடையில், பிற்பகல் புறப்பட்டு நள்ளிரவில் திரும்பும் மாலைப் பயணத்தைக் கேட்டு வாங்க வேண்டும். டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடுவதால் சாதாரணப் பகல் பயணத்திலேயே விளக்குகளைப் பார்த்துவிடலாம். குளிர்காலத்தில் வருபவர்களுக்குக் கிடைக்கும் நல்ல ஈடு இது.

கைப்பிடிச் சுவர் மேல் உட்கார்ந்து படம் எடுக்கிறார்களே, ஆபத்தா?

மிகுந்த ஆபத்து. சுவர் தாழ்வானது, எப்போதும் சாரலில் ஈரமாக இருப்பது, அதன் மறுபக்கம் நேரே பள்ளம். குழந்தைகளை ஒரு நொடிகூட அதன் மேல் உட்கார வைக்காதீர்கள். படம் எடுப்பவர் பின்னால் நகரும்போது யாராவது ஒருவர் அவரைக் கவனித்துக்கொள்ளுங்கள். பூங்கா எல்லைக்குள் டிரோன் பறக்கவிடவும் அனுமதியில்லை.

பேருந்தைத் தவறவிட்டால் என்ன ஆகும்?

பெரும்பாலான நிறுவனங்கள் பத்து, பதினைந்து நிமிடத்துக்கு மேல் காத்திருப்பதில்லை. மற்றப் பயணிகளையும் அவர்கள் நினைக்க வேண்டும். தவறவிட்டால் உங்கள் செலவில் கோ ரயிலிலோ பேருந்திலோ திரும்பிவிடலாம். அவற்றின் கடைசிப் புறப்பாட்டு நேரத்தைக் காலையிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

தவறவிடுவதற்கு இங்கே ஒரு தனிக் காரணம் உண்டு. ஆற்றங்கரையில் நிற்கும்போது தொலைபேசி அமெரிக்கக் கோபுரத்தின் அலைவரிசைக்குத் தானாகவே தாவிவிடும். அப்போது அழைப்பு போகாமல் இருக்கலாம், அல்லது வெளிநாட்டுக் கட்டணம் விழலாம். பேருந்திலிருந்து இறங்கும் முன்பே அமைப்பில் வெளிநாட்டு இணைப்பை அணைத்துவிட்டு, கனடிய வலையமைப்பைக் கையால் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். வழிகாட்டியின் எண்ணைத் தொலைபேசியில் மட்டுமன்றித் தாளிலும் எழுதி, பெரியவர்கள் ஒவ்வொருவரின் பையிலும் தனித்தனியே வைத்துவிடுங்கள். நிறுத்துமிடத்தில் ஒரே மாதிரியான பேருந்துகள் வரிசையாக நிற்கும் என்பதால், வண்டியின் எண் பலகையையும் இறங்கியவுடன் படம் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.